லேபில் உட்கார்ந்த நேரத்துக்குப் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

போன மாதக் கடைசியில் எங்கள் துறைக்கு வந்த சர்க்குலரைப் பற்றித்தான் இந்த மடல். அதில் இரண்டு முடிவுகள் இருந்தன. முதலாமாண்டு 'சி' கணினிமொழி புரோகிராமிங் லேபை இனி 30 பேர் கொண்ட பேட்சாகப் பிரிக்க வேண்டியதில்லை, 60 பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஆசிரியரிடம் வரட்டும், வாரத்துக்கு நான்கு பீரியடு இரண்டாகட்டும், மீதிக்கு ஏதாவது ஓர் ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழைக் கொடுத்தால் போதும் என்பது ஒன்று. இப்படி மிச்சமாகும் நேரத்தில் ஆசிரியர்கள் ஆய்வு செய்ய வேண்டும், வருடத்துக்கு இரண்டு ஸ்கோபஸ் பேப்பர் (ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெறும் கட்டுரை) இல்லையென்றால் இன்கிரிமென்ட் கிடையாது என்பது இன்னொன்று. துறைக் கூட்டத்தில் வாசித்தார்கள். யாரிடமும் கருத்து கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். நானும் போட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என்னோடு எம்.இ. படித்து இப்போது வெவ்வேறு மாவட்டங்களில், வெவ்வேறு கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்களிடம் பேசினேன். கிட்டத்தட்ட இதே வாசகங்கள் வேறு லெட்டர்ஹெட்டில் அவர்களுக்கும் வந்திருக்கின்றன. அதனால் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், உங்களைப் போல் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் அந்த லேபில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் முடிவெடுத்தவர்களில் யாரும் சமீபத்தில் அங்கே வந்து உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்று வருடம் முன்பு, முதல் செமஸ்டர், ஐந்தாவது வாரம். ஒரு வரிசையில் இருக்கிற எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்கும் புரோகிராம். ஒரு மாணவி பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர், வீட்டில் முதல் பட்டதாரி. அவுட்புட் சரியாக வந்திருந்தது. அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து போடப் போன எனக்கு ஏதோ தோன்ற, "சரிம்மா, இதையே இரண்டாவது பெரிய எண்ணுக்கு மாற்றிக் காட்டு" என்றேன். கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. புரோகிராம் முழுவதும் சீனியர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து மனப்பாடம் செய்தது. அரைப்புள்ளி ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் எந்த வரி என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியாது.

பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு தாளில் ஐந்து பெட்டி வரைந்து எண்களைப் போட்டோம். அவரே சொந்தமாக ஒரு லூப், அதாவது ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யும் பகுதி, எழுதினார். 'சிறியது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமம்' என்று போட்டிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. சுற்றை எண்ணும் 'ஐ' ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை, எந்தப் பெட்டியில் நிற்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்து 'ஐ' ஐந்தானது, லூப் இன்னும் முடியவில்லை. விரல் தாளின் வெற்றிடத்தில் போய் நின்றது. "மேம், ஆறாவது பெட்டியே இல்லையே, அப்போ கம்ப்யூட்டர் எங்கே போகும்?" என்று கேட்டார்.

பதினான்கு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். நினைவகம் என்றால் என்ன, எல்லை தாண்டினால் என்ன ஆகும், நாம் எழுதியதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் ஏன் எச்சரிக்கவில்லை என்று அடுத்த மூன்று வருடப் படிப்பின் பாதி அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அந்தக் கேள்வி வருவதற்கு எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. இன்னோர் ஆசிரியர் அதே லேபில் இருந்ததால்தான் என்னால் அந்த நாற்பது நிமிடமும் ஒரே இடத்தில் உட்கார முடிந்தது.

இப்போது உங்கள் சர்க்குலரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இதுவரை ஒரு பேட்சுக்கு வாரத்தில் நான்கு பீரியடு, அதாவது 200 நிமிடம், இரண்டு ஆசிரியர், 30 மாணவர். ஆளுக்கு 13 நிமிடம் வரும். இனி 100 நிமிடம், ஓர் ஆசிரியர், 60 மாணவர். ஆளுக்கு 1 நிமிடம் 40 நொடி. அட்டெண்டன்ஸ் எடுப்பதையும் ரெக்கார்டு திருத்துவதையும் கழித்தால் என்ன மிஞ்சும்? அந்த மாணவிக்கு நான் கையெழுத்து போட்டுவிட்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போயிருப்பேன். அவர் நல்ல மார்க்கும் வாங்கியிருப்பார். நான்காம் ஆண்டில் ஏதோ ஒரு கம்பெனி வந்து கோடிங் ரவுண்டில் அவரை வெளியே அனுப்பும்போது, "இந்தப் பசங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று நாமே சொல்லியிருப்போம்.

இது எங்கள் லேபின் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். 2001ல் மெக்கிராக்கன் என்பவர் தலைமையில் ஒரு குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் புரோகிராமிங் பாடங்களை முடித்த 216 மாணவர்களுக்கு ஒரே மாதிரிச் சோதனை வைத்தது. 110க்குச் சராசரி 22.89. பாடம் எடுத்தவர்களே அதிர்ந்துபோனார்கள். மூன்று வருடம் கழித்து லிஸ்டர் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஏழு நாடுகளில் பார்த்தபோது, எழுதுவது இருக்கட்டும், கொடுத்த சிறு புரோகிராமை வரிவரியாகப் பின்தொடர்ந்து என்ன விடை வரும் என்று சொல்லவே பலர் திணறினார்கள். அதாவது பெட்டி வரைந்து விரலால் தொட்டுப் பார்க்கும் அந்த வேலைதான் விட்டுப்போயிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய ஆறுதல். நான் ஒருத்தி மட்டும் மோசமான ஆசிரியை இல்லை, இது ஒரு பிரச்சினை, இதை ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அப்புறம் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நியூசிலாந்தைச் சேர்ந்த டேல் பார்சன்ஸும் பட்ரீஷியா ஹேடனும் 2006ல் ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: சரியான புரோகிராமின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து, மாணவரை வரிசைப்படுத்தச் சொல்வது. எழுத்துப் பிழை, அரைப்புள்ளித் தொல்லை எதுவும் இல்லாமல் யோசனை மட்டும் வேலை செய்யும். நான் வரிகளைப் பிரின்ட் எடுத்து, கத்தரித்து, கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் போட்டு லேபுக்குக் கொண்டுபோனேன். இரண்டிரண்டு பேராக மேஜையில் பரப்பி, "இது லூப்புக்கு உள்ளேயா வெளியேயா" என்று தமிழில் சண்டை போட்டார்கள். இங்கிலீஷில் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு ஒரு செமஸ்டர் முழுக்க வாயே திறக்காத பையன் அன்று எழுந்து நின்று வாதாடினான். எந்தத் துண்டை எங்கே தவறாக வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள் என்று அப்போதிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். இரண்டாவது நோட்டு முடியப் போகிறது.

இதை ஒரு பேப்பராக எழுதலாமா என்று கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில், "அது எஜுகேஷன் பேப்பர் மேடம், சி.எஸ். பேப்பர் இல்லை, நம் கணக்கில் வராது." நான் இந்த மடலை எழுத இன்னொரு காரணம் இதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உலகின் பெரிய அமைப்பான ஏ.சி.எம்., கணினிக் கல்விக்கென்று ஒரு பிரிவை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்துகிறது. இந்த ஆய்வுக்கென்றே 2005லிருந்து ஐசர் என்று ஒரு சர்வதேச மாநாடு நடக்கிறது. ஏ.சி.எம். இந்தியா நடத்தும் கம்ப்யூட் மாநாடு கணினிக் கல்வியைப் பற்றியதுதான். ஐ.ஐ.டி. பம்பாயில் கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்.டி.யே செய்யலாம். அங்கெல்லாம் ஆய்வாக இருப்பது நம் கல்லூரியில் மட்டும் ஏன் ஆய்வாக இல்லை?

நான் ஆய்வுக்கு எதிரி இல்லை. பிஎச்.டி. முடித்திருக்கிறேன், அதற்காக இரண்டு குழந்தைகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டு எத்தனையோ சனி ஞாயிறுகளை நூலகத்தில் கழித்திருக்கிறேன். ஒரு கேள்வியோடு வருடக்கணக்கில் கிடப்பது எப்படி ஒருவரை நல்ல ஆசிரியர் ஆக்குகிறது என்று எனக்குத் தெரியும். 1963ல் ஐ.ஐ.டி. கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்தபோது அங்கே இருந்தவர்கள் அதை ஆய்வுக்கு மட்டும் வைத்துப் பூட்டவில்லை. ராஜாராமன் போன்ற பேராசிரியர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி நடத்தி, மாணவர்களை நேரடியாகக் கணினியில் கைவைக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள். இந்தியாவில் நம் துறை அப்படித்தான் வேர்விட்டது. ஆய்வும் கற்பித்தலும் ஒரே ஆளின் ஒரே வேலையாக இருந்தன.

எண்ணிக்கை கேட்டால் என்ன வரும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நானும் அதைச் செய்தேன், அதை மறைக்கப் போவதில்லை. ஒரு வருடம் டார்கெட் முடியவில்லை என்று, இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் கிளீவ்லாந்து இதயநோய்த் தரவை எடுத்து, நான்கு அல்காரிதத்தை ஓட்டி, எது நோயை அதிகத் துல்லியமாகக் கணிக்கிறது என்று ஒரு அட்டவணை போட்டு அனுப்பினேன். அந்தத் தரவில் இருப்பது 303 பேர், 1980களில் சேகரித்தது. அதே தரவில் அதே அட்டவணையோடு எத்தனை பேப்பர் உலகத்தில் இருக்கிறது என்று எண்ணி முடியாது. என் பேப்பர் எந்த நோயாளிக்கும், எந்த டாக்டருக்கும், எந்த மாணவருக்கும் பயன்படவில்லை. ஆனால் எங்களை வருடா வருடம் மதிப்பிடும் அப்ரைசல் படிவத்தில் அதற்கு முழு மார்க் கிடைத்தது. அதே செமஸ்டர் கல்யாணக் கவர்களோடு நான் நடத்திய லேபுக்கு எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

இன்னும் மோசமானதும் இருக்கிறது. வாரம் ஒரு முறையாவது எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப்புக்குச் செய்தி வருகிறது: ஸ்கோபஸ் பேப்பர் தயார், கட்டுரையில் முதல் பெயராக இருக்க ஒரு விலை, மூன்றாம் பெயராக இருக்க ஒரு விலை, பப்ளிகேஷன் கேரண்டி. யார் வாங்குகிறார்கள் என்று நான் துப்பறியப் போவதில்லை. விற்கிறவர்கள் விடாமல் விற்கிறார்கள் என்றால் வாங்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். 2023ல் மட்டும் ஹிந்தாவி பதிப்பகம் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதற்கு இரண்டு வருடம் முன்பே பிரான்ஸைச் சேர்ந்த கபனாக்கும் அவருடைய கூட்டாளிகளும் கணினித்துறைக் கட்டுரைகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குத் தப்புவதற்காக, 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்' என்று இருந்தது. போலி உணர்வு! நம் துறையின் அடிப்படைச் சொல்லைக்கூடச் சரியாக எழுதாத கட்டுரைகள் அச்சாகி, இன்டெக்ஸ் ஆகி, யாருடைய அப்ரைசலிலோ மார்க்காக ஏறியிருக்கின்றன. இன்கிரிமென்டை எண்ணிக்கையோடு கட்டினால் நம் கல்லூரியும் அந்தச் சந்தைக்குள்தான் போகும். அந்தப் பழி நாளை கையெழுத்து போட்டவர்கள் மேல் விழும், சர்க்குலர் போட்டவர்கள் மேல் விழாது.

விதிமுறை அப்படிச் சொல்கிறது என்று சொல்ல முடியாது. யு.ஜி.சி.யே 2022ல் பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டாயமாகப் பேப்பர் வெளியிட வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. 2025ல், நம்பகமான ஆய்விதழ்கள் என்று தானே வைத்திருந்த கேர் பட்டியலையும் கைவிட்டது. அதே யு.ஜி.சி.யின் 2018 விதிகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்கின்றன. எங்களுக்கு அதற்கு மேல் போகிறது, அதோடு கோர்ஸ் ஃபைல், பாட இலக்குகளைப் படிப்பின் இலக்குகளோடு பொருத்தும் சி.ஓ.-பி.ஓ. மேப்பிங், நாக் தர மதிப்பீட்டு வேலை, மே மாதம் ஊர் ஊராகப் போகும் அட்மிஷன் டியூட்டி. இதற்கு நடுவே வருடத்துக்கு இரண்டு நேர்மையான பேப்பர் எப்போது எழுதுவது?

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பொறியியல் பிரிவில் ஆய்வுக்கு 30 சதவீதம், கற்பித்தல் சார்ந்தவற்றுக்கு 30 சதவீதம். இரண்டும் சமம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டாவது முப்பதில் பார்ப்பது மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர்-மாணவர் விகிதம், எத்தனை பேர் பிஎச்.டி., எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதை. வகுப்புக்குள் யாருக்கு என்ன புரிந்தது என்பதை அது பார்ப்பதில்லை. டெல்லியிலிருந்து அதைப் பார்க்கவும் முடியாது. நீங்கள் பார்க்கலாம், லேப் உங்கள் அறையிலிருந்து இரண்டு மாடி தூரம்தான். தரவரிசைக்கான படிவத்தை அப்படியே ஆசிரியருக்கான படிவமாக்கும்போது, அவர்கள் பார்க்க முடியாததை நீங்களும் பார்க்க மாட்டேன் என்று முடிவெடுத்தது போல ஆகிறது.

2024-25ல், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு பிரிவில் இத்தனை சீட்தான் என்ற உச்சவரம்பை நீக்கியதிலிருந்து எங்கள் துறையில் செக்‌ஷன்கள் ஏறிக்கொண்டே போகின்றன. கட்டணம் வருகிறது. ஆசிரியர்கள் அந்த அளவு வரவில்லை. லேப் பேட்சுகளை ஒன்றாக்குவதற்கு உண்மைக் காரணம் இதுதான் என்றால் அதை நேராகச் சொல்லுங்கள், பேசலாம். ஆய்வுக்கு நேரம் தருகிறோம் என்று சொல்ல வேண்டாம்.

ஆன்லைன் கோர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்களை நானே மாணவர்களைப் பார்க்கச் சொல்கிறேன், பல பாடங்கள் அருமையானவை. ஆனால் வீடியோவால் விரல் எங்கே நின்றது என்று பார்க்க முடியாது. அதிலும் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு வீட்டில் செய்து வரும் எந்த அசைன்மென்டும் சரியாகத்தான் இருக்கிறது. 60 பேரும் சரியாக எழுதியிருக்கிறார்கள், ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் நேரத்தைக் கூட்ட வேண்டிய காலத்தில் நாம் அதை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கிறோம்.

போன வருடம் எங்கள் துறையிலிருந்து ஒருவர் ராஜினாமா செய்தார். சாயங்காலம் காலேஜ் பஸ் கிளம்பும்வரை அவர் மேஜையைச் சுற்றிப் பத்துப் பேராவது நிற்பார்கள், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அவ்வளவு நன்றாக நடத்துவார். அவருக்கு அந்த வருடம் அப்ரைசலில் துறையிலேயே குறைந்த மார்க். இப்போது சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் இருக்கிறார், சம்பளம் இரண்டு மடங்கு. கடைசி நாள் மேஜையைக் காலி செய்யும்போது, "மேடம், நான் நல்லா நடத்தினேனா இல்லையா, அதை மட்டும் யாரும் கேட்கலையே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் கேட்பவை இவை.

முதலாமாண்டு லேபை இந்த வருடம் பழையபடியே 30 பேர், நான்கு பீரியடு, இரண்டு ஆசிரியர் என்று நடத்த விடுங்கள். ஆசிரியர் போதவில்லை என்றால் நம் எம்.இ. மாணவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து லேபில் உதவிக்கு நிறுத்தலாம், அவர்களும் கற்றுக்கொள்வார்கள். ஆன்லைன் சான்றிதழ் கூடுதலாக இருக்கட்டும், லேபுக்குப் பதிலாக வேண்டாம்.

இன்கிரிமென்டையும் பேப்பர் எண்ணிக்கையையும் பிரியுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஓர் ஆசிரியர் தன்னுடைய சிறந்த ஒன்றிரண்டு வேலைகளைக் கொடுக்கட்டும், அதை வெளியிலிருந்து துறை தெரிந்த இருவர் முழுதாகப் படித்துச் சொல்லட்டும். கணினிக் கல்வி பற்றிய ஆய்வு இதில் வேறெந்த ஆய்வுக்கும் சமமாக ஏற்கப்படும் என்று எழுத்தில் தாருங்கள், கம்ப்யூட் போன்ற மாநாடுகளுக்குப் போய்வர ரயில் செலவையாவது தாருங்கள்.

படிவத்தில் கற்பித்தலுக்கு ஓர் உண்மையான இடம் வேண்டும். மாணவர் ஃபீட்பேக்கை மட்டும் வைத்து அல்ல, கறாரான ஆசிரியர்கள் அதில் அடிபடுவார்கள். சக ஆசிரியர் செமஸ்டருக்கு இரண்டு முறை வகுப்பிலும் லேபிலும் வந்து உட்காரட்டும், வினாத்தாளையும் லேப் பயிற்சிகளையும் பார்க்கட்டும், போன வருடத்திலிருந்து எதை மாற்றினீர்கள், ஏன் என்று கேட்கட்டும்.

கடைசியாக, இந்தச் சர்க்குலரை அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வையுங்கள். முதலாமாண்டு லேப் நடத்தும் ஆசிரியர்கள் இருவரையும், அந்த லேபை முடித்த மாணவர்கள் இருவரையும் கூப்பிடுங்கள். முதலாமாண்டு வகுப்புகள் தொடங்குவதற்கு முன் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை டைம்டேபிளை மாற்ற வேண்டாம்.

என்னைக் கூப்பிட்டால் அந்த இரண்டு நோட்டுகளையும் நான்கைந்து கவர்களையும் எடுத்து வருகிறேன். கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் நீங்களே அந்தத் துண்டுகளை மேஜையில் பரப்பி வரிசைப்படுத்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
முதலாமாண்டு லேபில் பதினான்கு வருடமாக நிற்கும் ஓர் உதவிப் பேராசிரியை